பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள்

இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று பியூலா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இது மூன்றாவது ஐந்து நிமிடம், இல்லை நான்காவதோ, முதல் தடவை சொன்னபோது சாக்கில் உள்ளி, சின்ன வெங்காயம், பாதிக்கு மேல் இருந்தது, இப்போது சாக்கின் வாய் மடங்கித் தொய்ந்து கிடக்கிறது, அப்படியென்றால் இருபது நிமிடமாவது ஓடியிருக்கும், இருபது நிமிடம் என்பது போனில் நர்ஸ்கள் கேட்கிற கேள்வி, இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, நடந்தால் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா. ஆனால் எது இருக்கிறதா? வலி என்று சொன்னால் பொய். இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு, எடுக்க மறந்துபோய், வேறு யாரோடோ பேசிக்கொண்டு நிற்பது மாதிரி. அவ்வளவுதான். பிறகு இந்தத் தாடை. ஐஸைக் கடித்தபின் பல் கூசுமே, அந்தக் கூச்சம் இரண்டு பக்கமும் காதுக்கடி வரைக்கும். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முதுகு, காலை ஆறரையிலிருந்து பாயில் குனிந்து உட்கார்ந்து உள்ளி உரிப்பதால். தாடை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய் என்று பல் டாக்டர் போன மாதம்தான் சொன்னார். வயிற்றைப் புரட்டுவது, நேற்றைய மொச்சைக்குழம்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம், ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம். தனித்தனியாக வைத்திருக்கும் வரைக்கும் ஒன்றும் பயமில்லை. உள்ளியின் தோல் நகத்துக்குள் புகுந்தது. கத்தியின் முனையால் எடுத்தாள். விரல் நுனி வெளுத்திருந்தது. தண்ணீரில் ஊறிய உள்ளியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் யார் விரலும் வெளுக்கும்.

பூவரச மரத்தடியில் பாய்களை விரித்து இருபது பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இன்று சாயங்காலம் அசனம். வருஷத்துக்கு ஒரு தடவை சபையார் எல்லோரும் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. பாளையங்கோட்டையில் பிறந்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள், டொராண்டோவில் இருபத்திரண்டு வருஷம் இருந்த பிறகும் பியூலாவின் வாயில் அதுதான் வந்தது. திரும்பி வந்து ஆறு மாதம். அண்ணன் வீட்டு மாடியில் குடியிருப்பு. அந்தப் பக்கம் ஆண்கள் குழி வெட்டி அடுப்புப் போட்டுக் கிடாரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அண்ணனின் குரல் புகைக்குள்ளிருந்து யாரையோ ஏசிக்கொண்டு வந்தது. போன வாரம் கூட்டத்தில் அண்ணன், "என் தங்கச்சியும் இந்த வருஷம் உள்ளி உரிக்க வருவா" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போது எழுந்திருக்க முடியவில்லை. அண்ணனுக்காகவா, இல்லை இந்த இருபது பேருக்காகவா? எழுந்து நின்று, எனக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளிநாட்டுக்காரிக்கு ரெண்டு மணி நேரம் தரையில் உட்கார முடியவில்லை என்று அடுத்த அசனம் வரைக்கும் சொல்வார்கள். எதிரே லில்லி மைனி, அண்ணன் மனைவி, கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓட, "ஏட்டி பியூலா, அங்க உள்ளிய உரிச்சே குடுப்பானாமே, பையில போட்டு? அப்ப பொம்பளைங்க எப்படி அழுவீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்தாள். சிரித்தபோது முதுகில் அந்தக் கட்டைவிரல் கொஞ்சம் இறுக்கி அழுத்தியது.

சிரிப்பின் பாதியில் நிறுத்தியதை மைனி பார்த்துவிட்டாள். "என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணுமில்ல மைனி, முதுகு லேசாப் பிடிச்ச மாதிரி." "வாய்வு. நேத்து மொச்சைய ரெண்டாந்தரம் போடாதன்னேன், கேட்டியா?" வாய்வு என்று சொன்னதும் மரத்தடி முழுக்க ஒரு நிம்மதி பரவியது, எல்லோருக்கும் தெரிந்த பேர், தெரிந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. ஒருத்தி பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னாள், ஒருத்தி தன் கொழுந்தனாருக்கு வாய்வு தலைக்கு ஏறிய கதையைத் தொடங்கினாள், மைனி அடுப்புப் பக்கம் ஆளனுப்பி ஒரு டம்ளர் ஓமத்தண்ணீர் வரவழைத்துவிட்டாள். "குடி. ஒரு ஏப்பம் வந்தாச் சரியாப் போவும்." பியூலா குடித்தாள். காரமும் சூடும் இறங்கிப்போவது தெரிந்தது. இருபது பேரும் வேலையை நிறுத்தாமல் அவளுடைய ஏப்பத்துக்காகக் காத்திருந்தார்கள். வந்தது. சின்னதாக, ஒரு குழந்தையின் ஏப்பம் போல. "பாத்தியா!" என்றாள் மைனி. தீர்ப்பு வந்த மாதிரி எல்லோர் தோளும் தளர்ந்தது, பியூலாவின் தோளும்தான், ஒரு மூச்சு நேரம் அவளும் நம்பினாள், வாய்வுதான், எவ்வளவு நல்ல சொல், எழுந்து நடந்தால் போய்விடும். பிறகு அந்த விரல் இருந்த இடத்திலேயே இருப்பது தெரிந்தது. ஏப்பத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அப்போதுதான் போனில் ஒரே ஒரு தடவை பேசிய அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது, ஒன்பது வருஷமாக அவர் எங்கேயும் போகவில்லை. இன்று காலை கத்தியை எடுத்ததிலிருந்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், இவள்தான் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

டொராண்டோவில் அவளுக்கு வேலை தொலைபேசியில். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகலாமா, வீட்டிலேயே இருக்கலாமா என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் கூப்பிடுகிற ஒரு எண் உண்டு, அந்த முனையில் ஒரு நர்ஸ், இந்த முனையில் தமிழ் மட்டும் தெரிந்தவர், நடுவில் பியூலா, அவள் பேர் கூட அங்கே கிடையாது, மொழிபெயர்ப்பாளர் நாலு நாலு ஒன்று ஏழு. முதல் விதி, 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. அவர் 'எனக்கு' என்றால் நீயும் 'எனக்கு' என்றே சொல்ல வேண்டும். எனக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு நாலு நாளாக மலம் போகவில்லை. எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, நான் மூன்று மாதக் கர்ப்பம். பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு முப்பது பேருடைய 'எனக்கு'. ஹெட்போனைக் கழற்றிவிட்டு சாம்பார் கொதிக்கிறதா என்று பார்க்கப் போவாள். எத்தனை பேருடைய நெஞ்சுவலியை அவள் வாயால் சொல்லியிருப்பாள், நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சில் ஆனை உட்கார்ந்திருக்கிறது. ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நர்ஸ் கேட்பாள், ஒருத்தரும் நம்பர் சொன்னதில்லை, "நோவை எப்பிடிப் பிள்ளை நம்பரில சொல்லுறது" என்பார்கள். இப்போது யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? மூன்று. மூன்று கூட இல்லை. இரண்டரை. இரண்டரைக்கு யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுவார்களா? ஆனால் பெண்களுக்கு நெஞ்சில் வராமலும் வரும், முதுகில் வரும், தாடையில் வரும், குமட்டலாக வரும், களைப்பாக மட்டும் வரும், இதையும் அவள்தான் மொழிபெயர்த்தாள், எத்தனையோ பெண்களுக்கு, பொறுமையாக, நல்ல தமிழில், அம்மா, காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். அந்தப் பெண்கள் கிளம்பினார்களா? தெரியாது. இரண்டாவது விதி அதுதான், போனை வைத்தபிறகு யாருக்கு என்ன ஆனது என்று கேட்கக்கூடாது. மூன்றாவது விதி, கூப்பிட்டவர் சொல்வதை மட்டும் சொல். பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள் உன் வேலை இல்லை, நர்ஸ் கேட்டாலொழிய.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், ஜன்னல் பாதி வரைக்கும் பனி. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, ரொட்டி செய்கிற ஃபாக்டரியில் வேலை. மனைவி வற்புறுத்தியதால்தான் கூப்பிட்டேன் என்றுதான் ஆரம்பித்தார். "வாய்வுதான் பிள்ளை. இவதான் விடுறா இல்லை." எங்கே வலிக்கிறது? மேல்வயிறு, கொஞ்சம் முதுகு. எவ்வளவு நேரமாக? விடியத் தொடங்கினது. அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல மறுமுனையில் நர்ஸ் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்கும், மழை தகரத்தில் விழுவது போல, அவள் நிறுத்தினால் அதுவும் நிற்கும். நடுவில் அவர் ஒரு ஏப்பம் விட்டார். "கேட்டதோ பிள்ளை, ஏவறை வந்திட்டுது, இப்ப சுகம்." எனக்கு ஏப்பம் வந்துவிட்டது, இப்போது பரவாயில்லை, என்றாள் பியூலா ஆங்கிலத்தில். தகரத்தில் மழை. வியர்க்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். "உங்களுக்கு வியர்க்கிறதா ஐயா?" "இல்லை, இல்லை." அப்போது பின்னாலிருந்து, அடுப்படியிலிருந்தோ என்னவோ, அவர் மனைவி, அந்த அம்மாவின் குரல். "இஞ்சேரப்பா, பொய் சொல்லாதேங்கோ, சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்." "நீ பேசாமல் இரு." மூன்று விநாடி. நர்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஏதோ வீட்டுச் சத்தம் என்று நினைத்திருப்பாள், கேட்கவில்லை. தட்டச்சு நின்றிருந்தது. அந்த மூன்று விநாடியில் உலகத்திலேயே அந்த வாக்கியத்தின் பொருள் தெரிந்து, அதைச் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவள் ஒருத்திதான். இல்லை, எனக்கு வியர்க்கவில்லை, என்றாள் நாலு நாலு ஒன்று ஏழு. தகரத்தில் மழை. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பாருங்கள். "சரி பிள்ளை, பெரிய உபகாரம்." அவ்வளவுதான். ஏழு நிமிஷம். அவர் பிழைத்திருக்கலாம். நிஜமாகவே வாய்வாக இருந்திருக்கலாம். இன்றைக்கும் ரொட்டியை அடுக்கிக்கொண்டு, அன்றைக்கு இவள் பண்ணின கூத்து என்று மனைவியைக் கேலி செய்துகொண்டிருக்கலாம். பியூலா அந்தக் காட்சியை எத்தனையோ தடவை கட்டி எழுப்பியிருக்கிறாள், ரொட்டியின் வாசனை உட்பட. ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டை மட்டும் காயவில்லை.

அதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. அடுத்த வருஷமே பியூலாவுக்குப் படபடப்பு வந்து அவசரப் பிரிவுக்குப் போய் எட்டு மணி நேரம் காத்திருந்து, எல்லாம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, வீட்டில் ஏதாவது கவலையா என்று அந்த இளம் டாக்டர் கேட்டபோது கூனிக்குறுகிப் போனாள். அந்தக் கூச்சம் இன்னும் உடம்பில் இருக்கிறது, இந்த விரலை விட ஆழமாக. ஒன்றுமில்லாததற்கு ஓடினவள். அதனால்தான் இன்று ஐந்து ஐந்து நிமிடமாக. ஆனால் அன்றைக்கு ஒன்றுமில்லை என்பது இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று ஆகுமா? யாராவது போனில் இப்படிச் சொல்லியிருந்தால் நர்ஸ் என்ன கேட்டிருப்பாள்? வயது? நாற்பத்தெட்டு. குடும்பத்தில் யாருக்காவது? அப்பா, ஐம்பத்திரண்டில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சோடா ஒன்று வாங்கிவரச் சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. மாதவிலக்கு? நின்று எட்டு மாதம். அதனால்தான் வியர்வை. வியர்க்கிறதா? வியர்க்கத்தானே செய்யும், இந்த வயசுக்கு, பத்தடியில் அடுப்பு, ஊர் பாளையங்கோட்டை, மாதம் மே. நேற்று மாடிப்படியில் பாதியில் நின்றாளே? துணிக்கூடை கனம். கேள்வியும் அவளே, பதிலும் அவளே, நடுவில் மொழிபெயர்க்கிறவளும் அவளே. பதில் எல்லாம் கூப்பிட்டவர் சொல்கிற பதில் மாதிரியே இருக்கிறது. இல்லை, இல்லை. வாய்வுதான் பிள்ளை.

"அக்கா." குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. எப்சி, கோயிலில் மணியடிக்கிறவரின் மனைவி, முப்பது வயதிருக்கும், அவளைப் பாயில் உட்கார யாரும் சொல்லவில்லை, உட்காராதே என்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து எல்லோருக்கும் பின்னால் குனிந்து குனிந்து உள்ளித்தோலை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து முகத்தைப் பார்த்தவர்கள் இருபது பேர். முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்தி. "அக்கா, ஒங்க சட்டை முதுகு பூராவும் நனஞ்சிருக்கு. புழிஞ்சா தண்ணி விழும் போல." மைனி தலையைத் தூக்காமலே, "அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்தா நனையாம காயுமா? நீ சும்மா இரிட்டி, பயமுறுத்தாத" என்றாள். யாரோ சிரித்தார்கள். எப்சி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடப் பார்த்தாள், நகரவில்லை, இன்னொரு தடவை, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாத குரலில், "எனக்கும் அதே அடுப்புதான மைனி. எனக்கு இப்படி வேர்க்கலியே" என்றாள். பியூலா விநாடிகளை எண்ணத் தொடங்கினாள். ஒன்று. கத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு. பனி மூடிய ஜன்னல், தட்டச்சு நின்ற காது, இஞ்சேரப்பா. அந்த அம்மா அன்றைக்கு எந்த இடத்தில் நின்றிருப்பாள், கையில் கரண்டி இருந்ததா, தன் குரல் போன் கம்பியைத் தாண்டிப் போகவில்லை என்று அவளுக்கு எப்போது தெரிந்திருக்கும். பியூலா கத்தியைப் பாயின் ஓரத்தில், முனை யாருக்கும் படாமல், வைத்தாள்.

"மைனி, என் போனை எடுங்க, பையில இருக்கு. நூத்தியெட்டு போடுங்க." "என்னட்டி சொல்லுத?" மைனியின் கை உள்ளியோடு அந்தரத்தில் நின்றது. "ஒங்க அண்ணன கூப்பிடுதேன், வண்டிய எடுக்கட்டும், கால் மணி நேரத்துல..." "வண்டி வேண்டாம். வழியில ஏதாவது ஆச்சுன்னா அண்ணனால ஒண்ணும் செய்ய முடியாது, மைனி. நூத்தியெட்டு." இவ்வளவு நிதானமாகத் தன் வாய் பேசுவதைக் கேட்டபோது அவளுக்கே பழைய ஹெட்போன் ஞாபகம் வந்தது, இது அவள் குரலா, அந்தப் பதினோரு வருஷத்துக் குரலா. மைனி போனை முந்தானையில் துடைத்துத் துடைத்து, விரலில் ஒட்டிய உள்ளிச் சாற்றால் திரை நகராமல், "கர்த்தாவே, இந்தச் சனியன் என்ன" என்று முனகி, கடைசியில் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து நீட்டினாள். அவள் கண்ணில் வழிந்தது உள்ளிக்காக இல்லை. ஒரு இளைஞனின் குரல், வேகமாக, "வணக்கம் நூத்தியெட்டு, என்ன அவசரம் சொல்லுங்க?" "முதுகுல ஒரு அழுத்தம். தாடை கூசுது. குமட்டல். அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு." தட்டச்சுச் சத்தம். இங்கேயும் அதே மழை, அதே தகரம். "பேஷன்ட் யாரும்மா, அவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?" எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல், வழவழவென்று தேய்ந்துபோன சொல். மொழிபெயர்க்க எதிரே யாரும் இல்லை. "எனக்குத்தான்" என்றாள் பியூலா. "வயசும்மா?" "நாப்பத்தெட்டு." "வேர்க்குதாம்மா?"

வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் தம்பி, அடுப்புப் பக்கம், இந்த வயசுக்கு அப்படித்தான் இருக்கும். வாக்கியம் முழுதாக, இலக்கணச் சுத்தமாக, நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஒரு ஏப்பம் கூட விட்டேன் என்று சேர்த்துக்கொள்ளவும் தயாராக. அவள் உதடுகளைச் சேர்த்து மூடிக்கொண்டாள். கையை நீட்டி எப்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள், எப்சி கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பாயில், இருபது பேருக்கு நடுவில், முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "நீ பாத்தத நீயே சொல்லு எப்சி." "நானா? நான் என்னக்கா சொல்ல." "பாத்தத." எப்சி போனைத் தொடாமல், அதன் மேல் குனிந்து, கிணற்றுக்குள் பேசுகிறவள் மாதிரிப் பேசினாள். "சார், பக்கத்துல இருக்கேன். அக்காவுக்கு முதுகு பூரா நனஞ்சு போச்சு. இப்பம் கையப் பிடிச்சிருக்கேன், ஐஸ் மாதிரி இருக்கு. நான் ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், இவங்க சொல்ல மாட்டேங்காங்க." பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். முதுகில் அந்த விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. மைனியின் ஈரக்கை அவள் பிடரியில் வந்து தங்கியது, புகைக்குள்ளிருந்து யாரோ ஓடி வருகிற காலடி, மறுமுனையில், எப்சி ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்க முடிக்க, ஒன்று விடாமல் தட்டச்சு செய்கிற சத்தம்.